வாசற்படியில் எண்ணப்படும் மறதி

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் நகரில் ஏறத்தாழ 1,30,000 பேரும், அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறத்தாழ 75,000 பேரும் வாழ்ந்தனர். அதே கணக்கெடுப்பு, தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதத்தினர் 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் என்று காட்டியது. இந்த விகிதத்தை இவ்விரு ஊர்களுக்கும் பொருத்திப் பார்த்தால் முதியோர் தொகை 21,000 அளவில் வரும். நினைவு, சிந்தனை, சொல் தேர்வு, வழி அறிதல் ஆகிய திறன்கள் படிப்படியாகக் குலைந்து அன்றாட வாழ்க்கையையே தடுமாறச் செய்யும் நோய்த் தொகுதியை மருத்துவம் டிமென்ஷியா என்கிறது. இந்த 21,000 பேரில் எத்தனை பேருக்கு அது இருக்கும் என்ற கேள்விக்கு, எந்த ஆய்வின் விகிதத்தைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, வெகு தூரம் விலகி நிற்கும் விடைகள் கிடைக்கின்றன. 2023இல் வெளியான அனைத்திந்திய மதிப்பீட்டின் 7.4 சதவீதத்தை எடுத்தால் 1,550 பேர். சென்னைக்குத் தெற்கே திருப்போரூர்ப் பகுதியில் நடந்து 1997இல் வெளியான ஆய்வின் 3.5 சதவீதத்தை எடுத்தால் 735 பேர். 2008இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று இந்தியக் கிராமப்புறத்துக்குத் தந்த ஒரு விகிதமான 0.3 சதவீதத்தை எடுத்தால் வெறும் 63 பேர். வயது வரம்பு ஆய்வுக்கு ஆய்வு சற்று மாறுவதால் இது தோராயக் கணக்குத்தான் என்றாலும், 63க்கும் 1,550க்கும் உள்ள இடைவெளியைத் தோராயம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

இந்த இடைவெளிக்கான காரணம் முதியோரின் மூளையில் இருப்பதைவிட, எண்ணப் போனவர்கள் கேட்ட கேள்வியிலும், அதற்கு விடை சொன்னவர் யார் என்பதிலும்தான் பெரும்பாலும் இருக்கிறது. நோய்ப் பரவலியல் என்னும் துறையின் வேலையில் பாதி, நோயை எண்ணுவதற்கு முன்பு எண்ணும் முறையைச் சோதிப்பதே.

அத்துறையின் இரண்டு அடிப்படை அளவுகளைப் புரிந்துகொள்ள, விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கண்மாயை விடப் பொருத்தமான உவமை தேவையில்லை. ஒரு குறிப்பிட்ட நாளில் கண்மாயில் நிற்கும் நீரின் அளவு, அந்நாளில் ஊரில் நோயோடு வாழ்பவர்களின் விகிதத்தைப் போன்றது. இதைப் பரவல் வீதம் என்பர். வரத்துக்கால் வழியாக ஓராண்டில் வந்து சேரும் நீர், அந்த ஆண்டில் புதிதாக நோய் கண்டவர்களின் விகிதத்தைப் போன்றது. இது நிகழ்வு வீதம். மடை வழியாக வெளியேறும் நீர், டிமென்ஷியாவைப் பொறுத்தவரை, பெரும்பாலும் இறப்புதான், ஏனெனில் இந்நோய்த் தொகுதியில் குணமடைந்து திரும்புவோர் மிகச் சிலரே. கண்மாயில் நீர் குறைவாக நிற்பதைப் பார்த்து மழை குறைவு என்று முடிவு கட்டுபவர் மடை திறந்திருக்கிறதா என்று பார்க்க மறந்தவராவார். நோயாளிகள் சீக்கிரம் இறந்துபோகும் ஊரிலும் பரவல் வீதம் குறைவாகவே தெரியும், அது அந்த ஊரின் நலத்துக்குச் சான்றாகாது.

அரியானாவின் பல்லப்கர் பகுதியில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டது. அங்கே 55 வயதைக் கடந்த 5,126 கிராமத்தவரைச் சோதித்தபோது, 65 வயதுக்கு மேற்பட்டோரில் 1.36 சதவீதத்தினருக்கே டிமென்ஷியா இருப்பதாகத் தெரிந்தது. மடைதான் காரணமோ என்ற ஐயத்தில், அதே மக்களைத் தொடர்ந்து கவனித்து வரத்துக்காலையும் அளந்தார்கள். டிமென்ஷியாவின் மிகப் பொதுவான வகையான அல்சைமர் நோய், 65 வயதைக் கடந்த 1,000 பேரில் ஆண்டுக்கு 4.7 பேருக்குப் புதிதாகத் தோன்றுவதாக 2001இல் வெளியான முடிவு சொன்னது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மொனங்கஹேலா ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஒத்த முறையில் அளந்த வீதம் 17.5. இந்திய விகிதம் உலகிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாக இருந்ததால், மரபணு முதல் மஞ்சள்தூள் வரை பல விளக்கங்கள் புழக்கத்துக்கு வந்தன. மரபணு விளக்கத்துக்காவது கொஞ்சம் அடிப்படை உண்டு, அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஒரு மரபணு வடிவம் பல்லப்கர் மக்களிடம் குறைவாகவே காணப்பட்டது. மஞ்சளின் புகழோ ஆதாரத்தைத் தாண்டி வெகுதூரம் ஓடிவிட்டது.

எண்ணுவதற்கு எளிய வழி மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டுவதுதான் என்று தோன்றலாம். ஆனால் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நினைவு தப்பும் முதியவர் ஒருவரை நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டுமென்றால், வழக்கமாக 75 முதல் 85 கிலோமீட்டர் பயணம் செய்து மதுரைக்குத்தான் போக வேண்டும். போகிறவர்கள் பண வசதியும், துணைக்கு ஆளும், இது நோய் என்ற எண்ணமும் உள்ளவர்கள். வயசானா அப்படித்தான் என்று சொல்லிவிடும் வீட்டிலிருந்து யாரும் அந்தப் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஆகவே நரம்பியல் நோய்களின் உண்மையான அளவை அறிய, இந்தியாவில் 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் வீடு வீடாக நடந்திருக்கிறார்கள். பம்பாயின் பார்சிக் குடியிருப்புகளில் 14,010 பேரைச் சோதித்து 1988இல் வெளியான ஆய்வு, உடல் நடுக்கமும் தசை இறுக்கமும் அசைவு மந்தமும் சேர்ந்த பார்கின்சன் நோய் அங்கே லட்சத்துக்கு 328 பேருக்கு இருப்பதாகக் கண்டது. பார்சிகளில் முதியோர் விகிதம் மிக அதிகம் என்பதால் இந்த எண்ணை இளையோர் மிகுந்த வேறொரு சமூகத்தின் எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது, இரண்டையும் ஒரே வயதுக் கட்டமைப்புக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். பெங்களூருவிலும் சுற்றுக் கிராமங்களிலும் 1,02,557 பேரை உள்ளடக்கி 2004இல் வெளியான மற்றோர் ஆய்வு, எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்க்கையில், நரம்பியல் நோய்கள் நகரத்தைவிடக் கிராமத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று காட்டியது. நரம்பியல் மருத்துவர்கள் நகரத்தில் குவிந்திருக்கும் நாட்டில் இது சங்கடமான முடிவு.

வாசற்படியில் ஏறியதும் வரும் முதல் தடை வயது. டிமென்ஷியாவின் விகிதம் 65க்குப் பிறகு ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்பதால், ஒருவரின் வயதைப் பத்தாண்டு தவறாக எழுதினால் எதிர்பார்க்கப்படும் விகிதமே நான்கு மடங்கு மாறிப்போகும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத தலைமுறையினர் தங்கள் வயதை 60, 65, 70 என்று முழு எண்களில் சொல்வது உலகெங்கும் காணப்படும் பழக்கம். அந்த எண்களில் மட்டும் மக்கள் குவிந்து நிற்பதை வயதுக் குவிப்பு என்று மக்கள்தொகையியல் குறிப்பிடுகிறது. முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது வேண்டும் என்ற விதியும் சில அட்டைகளில் தன் வேலையைக் காட்டியிருக்கும். இதற்கு மாற்றாக ஆய்வாளர்கள் நிகழ்ச்சி நாள்காட்டி ஒன்றைத் தயாரித்துக்கொள்வார்கள், அதை ஒவ்வோர் ஊருக்கும் தனியாகத்தான் செய்ய வேண்டும். ராஜபாளையத்தில் அத்தகைய நாள்காட்டியில் பூ.ச. குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்துக்குத் தலைமையேற்ற 1949க்கும், தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964 டிசம்பருக்கும், விருதுநகரில் காமராஜர் தோற்ற 1967 தேர்தலுக்கும், எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் நின்று வென்று முதலமைச்சரான 1977க்கும் இடம் இருக்கும். காமராஜர் தோற்ற வருஷம் மூத்தவன் கைக்குழந்தை என்று ஒரு மூதாட்டி சொல்வது, ஆதார் அட்டையில் அச்சாகியிருக்கும் சனவரி முதல் தேதியைவிட நம்பத்தக்க சான்று.

இரண்டாவது தடை சோதனைத் தாள். 1975இல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் ஃபோல்ஸ்டீனும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய 30 மதிப்பெண் சோதனை உலகெங்கும் பரவியது. இன்று என்ன தேதி, 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கவும், ஒரு வாக்கியம் எழுதவும், பின்னிக் கிடக்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையவும் என்று அது கேட்கிறது. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத ஒருவரிடம் இதைக் கொடுத்தால், அளக்கப்படுவது நோயல்ல, பள்ளிக்கூடம். பல்லப்கரில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 73 சதவீதத்தினர் எழுத்தறிவில்லாதவர்கள் என்பதால், மேரி கங்குலி என்ற மனநல மருத்துவரின் தலைமையில் இச்சோதனையின் இந்தி வடிவம் புதிதாகக் கட்டமைக்கப்பட்டது. கண்களை மூடுங்கள் என்று எழுதிய அட்டையைப் படிக்கச் சொல்வதற்குப் பதிலாக, என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள் என்று சொல்லிச் சோதிப்பவர் தம் கண்களை மூடிக்காட்டினார். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். 100இல் ஏழைக் கழிப்பதற்குப் பதிலாக 20இல் மூன்றைக் கழிக்கச் சொன்னார்கள்.

தமிழ்ச் சூழலில் மாற்ற வேண்டியவை வேறு சில. தேதி கேட்டால் ஆங்கில மாதம் தெரியாமல் விழிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மூதாட்டி, ஆண்டாள் கோயிலில் ஆடிப்பூரத் தேருக்கு இன்னும் எத்தனை நாள் என்பதைப் பிசகாமல் சொல்லக்கூடும். ஆடி மாதம் ஜூலை நடுவில் பிறப்பதால் ஆனி என்ற விடையும் ஜூலை என்ற விடையும் ஒரே நாளில் சரியாக இருக்கும் என்பதைச் சோதிப்பவர் அறிந்திருக்க வேண்டும். நூற்பாலைகளும், ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயங்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணியை நெய்யும் விசைத்தறிகளும் நிறைந்த வட்டாரத்தில் காதையும் மறந்துவிடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் தறிச் சத்தத்தில் நின்ற ஒருவர் மூன்று சொற்களைத் திரும்பச் சொல்லத் தவறினால், அவை நினைவிலிருந்து நழுவினவா, காதிலேயே விழவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். செவித்திறன் இழப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. லான்செட் இதழின் டிமென்ஷியா ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, தவிர்க்கத்தக்க 14 ஆபத்துக் காரணிகளில் அதுவும் ஒன்று. சோதனையைக் கெடுக்கும் குறையே நோய்க்கும் வழி வகுக்கும் என்னும்போது இரண்டையும் பிரித்தறிவது புள்ளியியலாளருக்குத் தலைவலிதான்.

மூன்றாவது தடை எல்லாவற்றிலும் பெரியது, அது தாளிலும் இல்லை, முதியவரிடமும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில், நான்காம் பதிப்பின் வரையறைப்படி, நினைவு குலைந்திருந்தால் மட்டும் டிமென்ஷியா ஆகிவிடாது. அக்குலைவு அவருடைய வேலையையோ சமூக வாழ்க்கையையோ முன்பிருந்த நிலையிலிருந்து கணிசமாகத் தாழ்த்தியிருக்க வேண்டும். தனியாகக் கார் ஓட்டி, வங்கிக் கணக்கைத் தானே பார்த்து, சமைத்துச் சாப்பிடும் அமெரிக்க முதியவருக்குத் தடுமாற்றம் வந்தால் அது ஒரே மாதத்தில் வெளிச்சமாகிவிடும். மருமகள் தட்டில் போட்டுத் தர, பேரன் கைபிடித்துக் கோயிலுக்கு அழைத்துப் போக, ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் மகன் போய்வர, திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் தாழ்ந்து போவதற்கு எந்த வேலை மிச்சமிருக்கிறது? அவரால் முன்போல எல்லாம் செய்ய முடிகிறதா என்று வீட்டாரைக் கேட்டால், அவருக்கு என்ன குறை, நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோமே என்ற பதில் வரும். அது பொய்யல்ல. பெற்றவரைக் குறைத்துப் பேசக் கூடாது என்ற மரியாதையும், அவரை வேலை செய்ய விடக் கூடாது என்ற அக்கறையும் சேர்ந்து நோயை மூடிவிடுகின்றன, அவ்வளவே.

இதை எண்களில் நிறுவியது 10/66 என்ற விந்தையான பெயருடைய ஆய்வுக் குழு. உலக டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், மக்களிடையே நடந்த ஆய்வுகளில் 10 சதவீதத்துக்கும் குறைவானவையே அந்நாடுகளைப் பற்றியவை என்ற குறையிலிருந்து பிறந்த பெயர் அது. கியூபா முதல் சீனா வரை ஏழு நாடுகளில், 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 15,000 பேரை இக்குழு சோதித்தது. இந்தியாவில் அதற்குத் தேர்வான இடங்கள் இரண்டும், சென்னை நகரமும் வேலூர் மாவட்டக் கிராமங்களும், தமிழ்நாட்டிலேயே இருந்தன. கையேட்டின் வரையறையை அப்படியே பொருத்தியபோது கியூபாவில் 6.3 சதவீதமும் இந்தியக் கிராமப்புறத்தில் 0.3 சதவீதமும் வந்தன. அதே மனிதர்களை, அறிவாற்றல் சோதனையையும், உடன் வாழ்பவரிடம் எடுத்த நேர்காணலையும், மன நிலைச் சோதனையையும் சேர்த்து நிறுத்துப் பார்க்கும் வேறொரு கணிப்பு முறையால் அளந்தபோது, வேலூர்க் கிராமங்களில் விகிதம் பத்து சதவீதத்தைத் தாண்டியது, நாடுகளுக்கிடையேயான வேறுபாடும் பெருமளவு சுருங்கியது. இரண்டாவது முறை கண்டெடுத்தவர்கள் உண்மையிலேயே நோயாளிகளா, அல்லது பள்ளிக்குப் போகாதவர்களைத்தான் அது மீண்டும் பிடித்துவிட்டதா என்று கேட்பது நியாயமே. அவர்களிடம் அன்றாடச் செயல்களில் முடக்கம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது என்பது ஆய்வாளர்களின் விடை. ஆயினும் 0.3ஐப் போலவே பத்தையும் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மேல் எல்லையும் கீழ் எல்லையும் எங்கே கிடக்கின்றன என்று இவ்விரு எண்கள் காட்டின.

இந்த அனுபவத்தையெல்லாம் உள்வாங்கி வந்தது லாசி-டாட் ஆய்வு. 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்ட இந்தியர்களைத் தொடர்ந்து கவனிக்கும் பெரிய முதுமை ஆய்விலிருந்து, 60 வயதோ அதற்கு மேலோ ஆன 4,096 பேரைப் பிரித்தெடுத்து, ஒவ்வொருவரையும் விரிவான அறிவாற்றல் சோதனைகளுக்கு உட்படுத்தி, அவரை நன்கறிந்த ஒருவரிடமும் பேசி, பிறகு அந்த விவரங்களை மருத்துவர்கள் பலர் இணையவழியில் தனித்தனியே மதிப்பிட்டு ஒருமித்த முடிவுக்கு வரும் ஏற்பாடு அதில் செய்யப்பட்டது. விளைவுதான் 7.4 சதவீதம், நாடு முழுவதற்கும் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் விகிதம் கூடுதலாக இருந்தது. நகர வாழ்க்கைதான் மூளையைக் கெடுக்கிறது என்ற பரவலான நம்பிக்கைக்கு இந்த எண் இடம் தரவில்லை.

ராஜபாளையத்துக்கென்று தனியாக எழும் கேள்வி ஒன்று உண்டு. இந்நகரில் பல வீடுகளில் பேச்சு தெலுங்கில் நடக்கிறது, எழுத்தும் கடையும் அலுவலகமும் தமிழில். நூற்றாண்டுகளாக வேரூன்றிய இருமொழி வாழ்க்கை இது. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் அவருடைய குழுவினரும் 648 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரை, இரண்டு மொழி பேசுவோருக்கு டிமென்ஷியாவின் முதல் அறிகுறி, ஒரு மொழி மட்டும் பேசுவோரைவிட ஏறத்தாழ நாலரை ஆண்டு தாமதமாகத் தோன்றியது என்றும், எழுத்தறிவில்லாதவர்களிடமும் இவ்வேறுபாடு இருந்தது என்றும் சொன்னது. கனடாவில் இருமொழியாளர் என்றால் பெரும்பாலும் குடியேறியவர் என்பதால் அங்கு நடந்த ஆய்வுகளில் குழப்பம் இருந்தது. ஹைதராபாத்தில் அந்தக் குழப்பம் இல்லை என்பதே இதன் பலம். ஆனால் அது மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு, வராதவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை அதிலிருந்து அறிய இயலாது. இதை மக்களிடையே சோதிக்க ராஜபாளையம் ஏற்ற இடமாகத் தோன்றும். ஆயினும் இங்கே வீட்டு மொழி என்பது சாதியோடும் சொத்தோடும் படிப்போடும் பின்னிக் கிடக்கிறது. தெலுங்கு பேசும் மில் முதலாளியின் குடும்பத்தையும் தமிழ் மட்டும் பேசும் கூலித் தொழிலாளியின் குடும்பத்தையும் ஒப்பிட்டுவிட்டு, வேறுபாட்டுக்கு மொழிதான் காரணம் என்று சொல்பவரை யாரும் நம்ப மாட்டார்கள். தெலுங்கு பேசும் வீடுகளிலேயே ஏழைகளும் உண்டு என்பதால், படிப்பும் வருமானமும் ஒத்தவர்களைத் தேடிப்பிடித்து ஒப்பிடுவதுதான் வழி. சோதனையை எந்த மொழியில் நடத்துவது என்பதும் அற்ப விஷயமல்ல: நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுவது பலரிடம் காணப்படுவதால், தமிழில் ஊமையாகிவிட்ட ஒருவர் தெலுங்கில் இன்னும் வாய் திறக்கக்கூடும்.

படிப்பு மூளைக்கு ஒரு கையிருப்பைச் சேர்த்து வைக்கிறது என்ற கருத்துக்கு இம்மாவட்டத்தில் தனிப் பொருத்தம் உண்டு. விருதுநகர்க்காரரான காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் கிராமப் பள்ளிகளும் மதிய உணவும் பெருகின; 1950ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் அந்தக் கதவு திறந்தபோது பள்ளி வயதில் இருந்தார்கள், அவர்களுக்குப் பத்தாண்டு மூத்தவர்களுக்கு, பெண்களுக்கு இன்னும் கூடுதலாக, அது தாமதமாகவே திறந்தது. அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஆய்வு, 1970களின் இறுதியிலிருந்து டிமென்ஷியாவின் நிகழ்வு வீதம் பத்தாண்டுக்குச் சராசரியாக 20 சதவீதம் குறைந்து வந்ததாக 2016இல் அறிவித்தது, ஆனால் அந்தச் சரிவு உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர்களிடம் மட்டுமே தெரிந்தது. அதே போன்ற சரிவு தமிழ்நாட்டிலும் வருமா என்பது, பள்ளிக்கூடம் சேர்த்து வைத்ததைச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் எவ்வளவு வேகத்தில் கரைக்கின்றன என்பதைப் பொறுத்தது.

சரிவையோ ஏற்றத்தையோ அறிய, ஒரே மனிதரைச் சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் பார்த்தாக வேண்டும்; அங்கேதான் கள ஆய்வாளர்கள் கடைசியாக இடறுகிறார்கள். மகன்கள் முறை வைத்துப் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் வழக்கமுள்ள குடும்பத்தில், இந்த மாதம் ராஜபாளையத்தில் மூத்தவன் வீட்டில் இருக்கும் தாய் அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இளையவன் வீட்டில் இருப்பார். பட்டியல் எடுக்கும் நாளைப் பொறுத்து அவர் இரண்டு இடங்களிலும் எண்ணப்படலாம், இரண்டிலும் விடுபடலாம். ஆய்வாளர் தேடிப் போய்ச் சந்தித்தாலும், முன்பைவிட இப்போது மறதி கூடியிருக்கிறதா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய மருமகள், மாமியார் வந்து இருபது நாள்தான் ஆகிறது, வந்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறார்கள் என்பாள். விவரம் தந்தவர் யார் என்று கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்தில், அவர் எத்தனை காலமாக முதியவரோடு ஒரே வீட்டில் இருக்கிறார் என்று கேட்கும் சிறிய கட்டம் ஒன்றும் அதனால்தான் தேவைப்படுகிறது. அது காலியாக இருக்கும் படிவங்களில் மற்ற விடைகளை எவ்வளவு நம்புவது என்பதை மதிப்பிட வழியில்லை.